ஸ்டீம் டெக் ஓஎல்இடி: பழைய விளையாட்டுகளை எதுவரை தாங்குகிறது?

நின்டென்டோவின் பழைய கைக்கருவியான கேம்பாய் அட்வான்ஸின் திரை 240-க்கு 160 புள்ளிகள் கொண்டது. அதை ஐந்தால் பெருக்கினால் 1200-க்கு 800 வரும். கையில் பிடித்து விளையாடும் கணினியான ஸ்டீம் டெக்கின் திரை 1280-க்கு 800. ஆகவே அந்தப் பழைய விளையாட்டின் ஒவ்வொரு புள்ளியும் பின்னம் ஏதுமின்றி ஐந்துக்கு ஐந்து சதுரமாக விரிந்து, உயரம் முழுவதையும் நிரப்பி, இருபுறமும் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கருப்புப் பட்டையை மட்டும் விட்டுவைக்கிறது. 640-க்கு 480 திரை கொண்ட மியூ மினி பிளஸ் போன்ற சிறு கருவிகளில் அதே படத்தை முழு அகலத்துக்கு விரித்தால் பெருக்கம் முழு எண்ணாக வராது. சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரியும், அல்லது எல்லாம் சேர்ந்து மங்கும். பிறர் விளையாடும்போது எட்டிப் பார்ப்பவருக்கு இது ஒரு பொருட்டாக இராது. மணிக்கணக்கில் விளையாடுபவரின் கண்ணுக்கு இது தப்பாது.

வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் முதல் ஸ்டீம் டெக்கையும், 2023 நவம்பரில் அதன் ஓஎல்இடி வடிவத்தையும் வெளியிட்டது. நான் பயன்படுத்துவது இரண்டாவது. 7.4 அங்குலத் திரை, 640 கிராம் எடை, 50 வாட்மணி மின்கலம், 16 ஜிபி ரேம் ஆகியவை இதில் உள்ளன. ஏஎம்டி தயாரித்த சிப்பில் ஜென் 2 வகையைச் சேர்ந்த நான்கு கோர்கள் இருக்கின்றன. அவற்றின் உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். இந்த எண்களுள், பழைய கருவியை மென்பொருளாகப் போலச் செய்துகாட்டும் எமுலேட்டருக்கு உண்மையில் முக்கியமானது பலரும் பார்க்காமல் கடந்துபோகும் ஒன்று: செயலிக்கும் கிராபிக்ஸ் பகுதிக்கும் சேர்த்து அந்தச் சிப்புக்குக் கிடைப்பது அதிகபட்சம் 15 வாட்தான். ஒரே குடத்துத் தண்ணீரை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பங்கீடு பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. 2000-இல் வந்த அந்தக் கருவியின் செயலி 300 மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாதது, ரேம் வெறும் 32 எம்பி என்பதைக் கேட்பவர், இன்றைய சிப்புக்கு அது ஒரு சுமையா என்று நினைக்கக்கூடும். சுமை அதன் வேகத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. மையச் செயலி ஒருபுறம், இரண்டு வெக்டார் அலகுகள் மறுபுறம், உள்ளீட்டுக்கும் ஒலிக்கும் தனிச் சிப்புகள், படத்துக்கு இன்னொன்று என எல்லாம் ஒன்றையொன்று எதிர்பார்த்தே இயங்குபவை. அவற்றின் கட்டளைகளை வேறொரு மொழிக்கு உடனுக்குடன் மாற்றிக்கொண்டே, அவற்றுக்கிடையேயான நேர ஒழுங்கையும் பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2 காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் சில இழைகளுக்கு மேல் பிரிக்க முடியாது என்பதால், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே முடிவைத் தீர்மானிக்கிறது.

நடைமுறையில், பெரும்பாலான பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. சிக்கலை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். படம் கூர்மையாகத் தெரியட்டும் என்று, எமுலேட்டர் படத்தை வரையும் அளவான உள் தெளிவை மூன்று, நான்கு மடங்காக ஏற்றும்போது கிராபிக்ஸ் பகுதி கூடுதல் வாட்டைக் கேட்கிறது. செயலிக்குரிய பங்கு குறைகிறது. கூட்டமான காட்சிகளில் எமுலேட்டர் நூறு விழுக்காட்டுக்குக் கீழே சறுக்குகிறது. இதைக் கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும். படத்தில் இரண்டு பிரேம் தவறினால் நமக்குப் புரியாமல் போகலாம், ஆனால் முன்கூட்டியே சேர்த்துவைத்த ஒலி, அதாவது ஒலித் தாங்கல், காலியானவுடன் வெடிப்பொலி கேட்கும். எந்த எமுலேட்டரைச் சோதித்தாலும் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, இசை தொடர்ந்து ஒலிக்கும் ஓர் இடத்தில் பத்து நிமிடம் நிற்பது என் வழக்கம். 800 கோடுகளே உள்ள திரைக்கு இரண்டு மடங்கு உள் தெளிவு போதும். அதற்குமேல் போடுவது பெரும்பாலும் வீண் செலவு.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். எமுலேட்டர் முழு வேகத்தில் ஓடுவதும் விளையாட்டு சீராக ஓடுவதும் ஒன்றல்ல. 2005-இல் வந்த ‘ஷேடோ ஆஃப் த கொலாசஸ்’ அசல் கருவியிலேயே திணறிய விளையாட்டு. அதை இங்கே ஓட்டிப் பார்த்துவிட்டு டெக்கைக் குறை சொல்பவர், அசலின் திணறலை எமுலேட்டர் நேர்மையாகத் திரும்பச் செய்துகாட்டுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. பிசிஎஸ்எக்ஸ்2-இல் கற்பனைச் செயலியின் வேகத்தை 130 அல்லது 180 விழுக்காடாக உயர்த்தி, அசலைவிடச் சீராக அதை ஓடவைக்க வழி உண்டு. அந்தக் கூடுதல் சுமையும் அதே 15 வாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பொத்தான்களைப் பற்றியும் ஒரு சொல். பிளேஸ்டேஷன் 2-இன் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணர்ந்தவை. ‘மெட்டல் கியர் சாலிட் 3’ விளையாட்டில் பொத்தானைச் சட்டென்று விட்டால் துப்பாக்கி சுடும், மெல்ல விட்டால் சுடாமல் தாழும். டெக்கின் பொத்தான்களுக்கு அழுத்தினேன், விட்டேன் என்ற இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு. அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும் ஒரு துணைப் பொத்தானைப் பிசிஎஸ்எக்ஸ்2 அனுமதிக்கிறது. அதைப் பின்புறம் இருக்கும் நான்கு பொத்தான்களில் ஒன்றுக்கு ஒதுக்கிவிட்டேன். பழகச் சில நாள் ஆயிற்று.

நின்டென்டோவின் கேம்க்யூப், வீ (Wii) ஆகிய கருவிகளுக்குரிய டால்ஃபின் எமுலேட்டர் இந்தக் கருவிக்கு மிகவும் பொருந்திவருகிறது. சுமை மிகுந்தது என்று பெயர்பெற்ற ‘ரோக் ஸ்குவாட்ரன் 2’ போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. இங்கே தொல்லை தருவது வேகத்தைவிடத் திடீர்த் தடங்கல்தான். புதிய எதிரியோ வெடிப்போ முதன்முறையாகத் தோன்றும் கணத்தில், அதை வரையும் சிறு நிரலான ஷேடரைத் தொகுக்க எமுலேட்டர் ஒரு நொடிப்பொழுது நிற்கும். சராசரி வேகத்தைக் காட்டும் எண்ணில் இது பதிவாகவே ஆகாது. 2017-இல் டால்ஃபினில் சேர்க்கப்பட்ட ஊபர்ஷேடர் முறை இதற்கு மருந்து. அதன் ஹைப்ரிட் வகையைத் தேர்ந்தெடுத்தால், தனி ஷேடர் பின்னணியில் தயாராகும்வரை பொதுவான ஒரு பெரிய ஷேடர் படத்தைத் தாங்கிப் பிடிக்கிறது.

பிளேஸ்டேஷன் 3-ஐ நம்பி இதை வாங்க வேண்டாம். அதற்குரிய எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3 இதில் இயங்கும், எளிய இருபரிமாண விளையாட்டுகள் ஓடும். பெரிய விளையாட்டுகளுக்குக் கூடுதல் கோர்களும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைத் தொகுதியும் கைகொடுக்கும், ஜென் 2-இல் பின்னது கிடையாது. அந்த ஆசை உள்ளவர்கள் ஜென் 4 சிப் கொண்ட கருவிகளைப் பார்ப்பது நல்லது.

மின்கலக் கணக்கு எளிது. கருவி மொத்தமாக 7 வாட் எடுத்தால் 50 வாட்மணி ஏழு மணி நேரம் வரும், 20 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம். ஆகவே சூப்பர் நின்டென்டோ, கேம்பாய் போன்றவற்றை ஓட்டும்போது விரைவுப் பட்டியலில் மின் வரம்பை நான்கைந்து வாட்டுக்குக் குறைத்துவிடுகிறேன். விளையாட்டில் வேறுபாடு தெரிவதில்லை, விசிறியும் அடங்கிவிடுகிறது. பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் இயக்கும் ரெட்ரோஆர்க்கில் உள்ளீட்டுத் தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் வசதியைப் பயன்படுத்தினால் மட்டும் வரம்பைச் சற்று உயர்த்த வேண்டும், ஏனெனில் அது ஒவ்வொரு பிரேமையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கிறது. ஐரோப்பியப் பதிப்பு வட்டுகள் பல 50 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் திரைக்கு, எழுதப்பட்டவை. திரையின் வேகத்தையும் 50-க்குக் குறைத்தால், 60-இல் தெரியும் குலுக்கல் முற்றிலும் மறைகிறது. இந்த வசதி பல மலிவுக் கருவிகளில் இல்லை.

எமுடெக் என்ற நிறுவுநிரல் எல்லா எமுலேட்டர்களையும் கோப்புறைகளையும் ஒரே மூச்சில் அமைத்துவிடும். நின்டென்டோவின் சுவிட்ச் கருவிக்கான எமுலேட்டரான யூசுவைப் பழைய வழிகாட்டிகளில் பார்த்துத் தேட வேண்டாம். நின்டென்டோ தொடர்ந்த வழக்கில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு 2024 மார்ச்சில் அது மூடப்பட்டது. வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. நான் வாங்கிய இறக்குமதியாளர் பில்லைத் தந்தார், உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

விளையாட்டுக் கோப்புகளைச் சொந்த வட்டுகளிலிருந்தே படியெடுக்கிறேன். பிளேஸ்டேஷன் வட்டுகளுக்குப் பழைய கணினியின் டிவிடி டிரைவ் போதும். கருவியைத் தொடங்கிவைக்கும் நிரலான பயாஸ் கோப்பை மட்டும் அசல் கருவியிலிருந்தே எடுக்க வேண்டும். கேம்க்யூப் வட்டுகளைச் சாதாரண டிரைவ்கள் படிப்பதில்லை. அவற்றுக்காகவே பழைய வீ ஒன்றை அலமாரியில் வைத்திருக்கிறேன்.