ஃபோட்டோஷாப்பா, கிம்ப்பா: அல்சூர் ஸ்டுடியோக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

பெங்களூரு அல்சூரில் திருமணப் படங்களோடு தமிழ் அழைப்பிதழ்களும் செய்து தரும் சிறு ஸ்டுடியோக்காரர் ஃபோட்டோஷாப் என்னும் படத்திருத்த மென்பொருளை விட்டு, அதே வேலையைச் செய்யும் கிம்ப்புக்கு மாற எண்ணுவது பெரும்பாலும் சந்தாவினால்தான். 2013இல் ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் சந்தா முறைக்கு மாறியதிலிருந்து, கட்டணம் நின்றால் மென்பொருளும் நின்றுவிடுகிறது. 1996இல் முதன்முதலாக வெளிவந்த கிம்ப் இன்றும் இலவசம்.

தமிழ் எழுத்தில் என் வாக்கு கிம்ப்புக்கே. யுனிகோட் எழுத்துருவில் ‘கொ’, ‘கோ’ போன்றவை எந்த அமைப்பையும் தொடாமலே அதில் சரியாக அமைகின்றன. ஃபோட்டோஷாப்பிலோ இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கக்கூடும். (பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருக்களை விடாதவர்களுக்கு இது பொருட்டல்ல.)

அச்சில் நிலைமை தலைகீழ். அச்சகம் கேட்கும் சிஎம்ஒய்கே (நான்கு மைகளாலான) நிறமுறையில் ஃபோட்டோஷாப் நேரடியாகத் திருத்துகிறது. 2025இல் வந்த கிம்ப் 3.0 திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் திருத்தி, அச்சு நிறத்தை முன்னோட்டமாகக் காட்டி, ஏற்றுமதியின்போதுதான் மாற்றித் தருகிறது. மூலப்படத்தைச் சிதைக்காத ஃபில்டர்கள் இப்பதிப்பில் வந்துவிட்டன என்றாலும், பிறர் அனுப்பும் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவ) கோப்புகள் அதில் எப்போதும் முழுமையாகத் திறப்பதில்லை. ஆகவே வெளி வடிவமைப்பாளர்களோடு கோப்புகளைப் பரிமாறும் கடைக்கு மாற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா பதிவுசெய்யும், பதப்படுத்தப்படாத ரா கோப்புகளுக்கு, கிம்ப்போடு டார்க்டேபிள் போன்ற மற்றோர் இலவச மென்பொருளையும் நிறுவிக்கொள்ள வேண்டும்.