வேர்ல்ட் டூரா, ஸ்டோரி மோடா?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, மார்ட்டல் காம்பேட் 1 இரண்டும் 2023-இல் வந்த சண்டை வீடியோ கேம்கள். தனியாக ஆடுபவருக்கு இரண்டும் தருவது வேறுவேறு: முதலாவதில் வேர்ல்ட் டூர், இரண்டாவதில் ஸ்டோரி மோட்.

மார்ட்டல் காம்பேட்டின் ஸ்டோரி மோட் கிட்டத்தட்ட சினிமாதான். 15 அத்தியாயங்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆள் மாறும். கை பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவதால் பலர் ஒரே காம்போவை (தொடர் அடி) அழுத்தியே ஒப்பேற்றுகிறார்கள். புது ஆள் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, அவருடைய அடிகளின் பட்டியலான மூவ் லிஸ்டைத் திறந்து, இரண்டு ஸ்பெஷல் (சிறப்பு அடி), ஒரு சின்ன காம்போ மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

வேர்ல்ட் டூரில் நீங்களே உருவாக்கிய அவதாரோடு மெட்ரோ சிட்டியில் அலைகிறீர்கள். முதல் குரு லூக். ஒரு குருவின் ஸ்டைலை (சண்டை முறையை) அணிந்து சண்டை போட்டால் அது வளர்ந்து புது மூவ்கள் திறக்கும். பிறகு ரியூ என்ற குருவின் ஹடோகெனையும் (கையிலிருந்து எறியும் ஆற்றல் பந்து) வேறொருவரின் உதையையும் கலக்கலாம். சிக்கல் லெவலில்: எதிரியின் லெவல் உங்களுடையதைவிட மிக அதிகமென்றால் திறமை இருந்தும் அடி தாங்காது. முதலில் தெருச்சண்டைகளில் லெவல் ஏற்றுங்கள், குணப்படுத்தும் பொருள்களைக் கையில் வையுங்கள். தெருவில் அலைந்தே நேரம் போகும் என்பது உண்மை.

ஆன்லைன் போட்டிதான் குறிக்கோள் என்றால் வேர்ல்ட் டூரே மேல். ஆனால் அங்கே கலந்து கட்டிய மூவ்களும் ஏற்றிய லெவலும் ரேங்க்டு ஆட்டத்துக்கு (தரவரிசைக்கான ஆன்லைன் போட்டி) உங்களோடு வராது.