குரலை நம்பியே கேட்க வேண்டிய கதை: ஆதியாகம ஒலிநூல் ஒன்றின் மதிப்புரை

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 25 முதல் 37 வரையிலான அதிகாரங்களை, அதாவது ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளான ஏசாவும் யாக்கோபும் பிறப்பதிலிருந்து யாக்கோபின் மகன் யோசேப்பு விற்கப்படுவது வரையிலான பகுதியை, பழைய தமிழ் வேதாகமத்தின் சொற்களை மாற்றாமல் பல குரல்களில் வாசித்து ஒலிநூலாக்கியிருக்கிறார்கள். பலமுறை படித்த பகுதிதான் என்றாலும், இந்த வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது காதால் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மூத்தவன் ஏசாவுக்குரிய தகப்பனின் ஆசீர்வாதத்தைப் பெற, தாய் ரெபெக்காள் இளையவன் யாக்கோபை அழைத்துத் திட்டம் சொல்கிறாள். ஏசாவை நோக்கி அவள் பேசும் ஒரு வார்த்தைகூட இந்த வரலாற்றில் இல்லை. பெண்குரலில் வாசித்தவர் இதை நன்கு உணர்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவருடைய கனிவெல்லாம் ஒரே மகனுக்குத்தான் போகிறது.

ஒலிநூலுக்கென்றே அமைந்தது போன்றது 27ஆம் அதிகாரம். யாக்கோபு தன்னை ஏசா என்று சொல்லிக்கொண்டு வரும்போது, கண் மங்கிப்போன ஈசாக்கைப் போலவே கேட்பவருக்கும் கண்ணின் துணை இல்லை. ஏசாவின் ரோமம் அடர்ந்த கைகளைப் போலத் தோன்ற யாக்கோபு போர்த்திக்கொண்ட வெள்ளாட்டுக்குட்டித் தோல் தொடுதலை ஏமாற்றுகிறது, சமைத்த இறைச்சி நாவை ஏமாற்றுகிறது, ஏசாவின் உடை மூக்கை ஏமாற்றுகிறது. உண்மையைச் சொன்னது காது ஒன்றுதான். அப்படியிருக்க, யாக்கோபாக வாசிப்பவர் இந்த இடத்தில் ஏசாவின் கரகரப்பான குரலை வரவழைத்துக்கொண்டு பேசுவது இந்தப் பதிவின் மிகப் பெரிய பிழை. மகன் குரலை மாற்றியிருந்தால், "சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்" என்று தகப்பன் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அந்த முதியவரின் நியாயமான சந்தேகம் இங்கே வெறும் தடுமாற்றமாகிவிடுகிறது. ஆனால் அடுத்து வரும் ஏசாவின் அலறலைப் பின்னணி இசை எதுவும் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். "என் தகப்பனே, என்னையும் ஆசீர்வதியும்" என்ற வரியைக் கேட்டபின் என்னால் உடனே தொடர முடியவில்லை. பதிவை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

யாக்கோபு அடைக்கலம் தேடிப் போகும் தாய்மாமன் லாபானை வில்லனாக்காமல் வாசித்திருப்பது பாராட்டத்தக்கது. லாபானின் இளைய மகள் ராகேலை மணக்க ஏழு ஆண்டுகள் உழைத்தவன், மணநாள் இரவு விடிந்தபின் மூத்தவள் லேயாளைக் கண்டு முறையிடும்போது, மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது இவ்விடத்து வழக்கம் அல்ல என்று லாபான் மிகச் சாதாரணமாகச் சொல்கிறான். மூத்தவன் இருக்கும்போதே அவனுக்குரிய ஆசீர்வாதத்தைப் பெற்றுக்கொண்டு வந்தவனிடம் சொல்லப்படும் இந்த வாக்கியத்துக்குப் பிறகு, பதிவில் ஒரு நீண்ட மௌனம் விடப்பட்டிருக்கிறது; யாக்கோபிடமும் பதில் இல்லை. சில நாள் தங்கியிரு என்று தாய் சொல்லி அனுப்பிய பயணம் 20 ஆண்டுகளாக நீள்கிறது. திரும்பி வந்தபின் அவளைக் கண்டதாகக் குறிப்பே இல்லை. 35ஆம் அதிகாரத்தில் அவளுடைய தாதி தெபொராளின் மரணம் மட்டும் சொல்லப்படுகிறது. அந்த வசனத்தை அவசரமின்றி வாசித்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். ஏசாவின் வம்ச வரலாறான 36ஆம் அதிகாரத்தை வெட்டாமல் விட்டதும் சரியே.

கடைசி அதிகாரத்தில் யோசேப்பு 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்படுகிறான். வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்த அவனுடைய அங்கி தகப்பன் யாக்கோபிடம் வருகிறது. ஆட்டுத்தோலாலும் அண்ணனின் உடையாலும் தன் தகப்பனை ஏமாற்றியவன், ஆட்டின் இரத்தத்தாலும் மகனின் உடையாலும் ஏமாற்றப்படுகிறான். இளம் யாக்கோபாக வாசித்தவரையே முதிய யாக்கோபாகவும் வாசிக்க வைத்திருப்பதால், இந்தத் தொடர்பு விளக்கவுரை இல்லாமலே புரிகிறது. இதோடு பதிவை முடித்துவிட்டதுதான் எனக்குக் குறை. 38ஆம் அதிகாரத்தில் தாமார், தன் மாமனாரும் யாக்கோபின் மகனுமான யூதா கொடுத்த முத்திரை மோதிரத்தையும் கோலையும் அனுப்பி, இவை யாருடையவை என்று பார்க்கும்படி அவனிடமே கேட்கிறாள். அங்கியைக் காட்டி யாக்கோபிடம் கேட்கப்பட்ட கேள்வியின் அதே எபிரெயச் சொல் அங்கே திரும்பி வருகிறது. சகோதரனை விற்கலாம் என்று யோசனை சொன்னவன் அதே யூதாதான். அந்த அதிகாரத்தைச் சேர்த்து, 27ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் குரலையும் திருத்தி வெளியிட்டால், இதை மறுபடியும் வாங்குவேன்.