மொஸ்கிட்டோ 2.0: டீ ஃபேக்டரிக்கு நல்ல பிராக்கர், பெர்மிஷனில் மட்டும் கறார்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் பச்சை இலையை விலைக்கு வாங்கி ஓட்டும் டீ ஃபேக்டரிகளில் தரம் முதலில் முடிவாவது இலையை வாட்டும் தொட்டியான விதரிங் ட்ரஃப்பில்தான். இலை சரியாக வாடாவிட்டால் அதன்பின் இலையை நசுக்கும் சிடிசி ரோலரில் என்ன செய்தாலும் தேறாது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இலை சொட்டச் சொட்ட வந்து இறங்கும். அந்த நாட்களில் காற்றின் ஈரத்தைக் காட்டும் உலர் பல்ப், ஈர பல்ப் வெப்பமானிகள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரவு முழுவதும் கவனிக்க வேண்டும். ட்ரஃப்புக்கு ஒரு சென்சார், ஆபீசில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், நடுவில் செய்தி கடத்தும் எம்க்யூடிடி முறை என்று பலர் இறங்குவது இதற்காகத்தான். அந்த நடு வேலையைச் செய்யும் பிராக்கர் மென்பொருள்தான் மொஸ்கிட்டோ. சென்சார் அனுப்பும் அளவை வாங்கி, கேட்கும் திரைக்கெல்லாம் அது கொடுக்கும். எக்லிப்ஸ் திட்டத்தில் வளரும் திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது.

இங்கே சொல்வதெல்லாம் டெபியன் 12 லினக்ஸில் வரும் 2.0.11 பதிப்பைப் பற்றியது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் புக்வார்மிலும் இதே பதிப்புதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த வேலைக்கு மொஸ்கிட்டோவைத் தயங்காமல் எடுக்கலாம். பழைய பை போர்டிலும் நினைவகத்தைக் கொஞ்சமாகத்தான் எடுக்கும், மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். ஆனால் ஃபைல் பெர்மிஷன் ஒன்று பிசகினாலும் சர்வீஸ் எழாது, எழாததற்கான காரணத்தையும் அரைவாசிதான் சொல்லும். பர்லியார் பாதையில் மண் சரிந்து மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள் வர முடியாத நாளில், ஆபீசில் இருப்பவரே இதைச் சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அதற்கே.

நிறுவுவது சுலபம். ஏபிடி இன்ஸ்டால் கொடுத்ததும் மொஸ்கிட்டோ என்ற பெயரில் தனி யூசரும் குரூப்பும் உருவாகும், /வார்/லிப்/மொஸ்கிட்டோ ஃபோல்டர் அந்த யூசருக்குச் சொந்தமாகும். சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் யூனிட் ஃபைலை டெபியன் கவனமாக எழுதித் தருகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் முன்னால் /வார்/லாக் அடியிலும் /ரன் அடியிலும் மொஸ்கிட்டோ ஃபோல்டரை 740 பெர்மிஷனோடு (மூன்று இலக்கமும் வரிசையாக ஓனர், குரூப், மற்றவர்களுக்கு; படிக்க 4, எழுத 2, ஓட்ட 1) உருவாக்கி, உரிமையையும் மாற்றிவிடும். /ரன் என்பது ரேமில் இருக்கும் ஃபைல்சிஸ்டம், ரீபூட் ஆனால் காலியாகிவிடும். அங்கே கையால் ஃபோல்டர் போட்டவர்களின் சர்வீஸ் மறுநாள் கரண்ட் போய் வந்ததும் படுத்துக்கொள்வது அதனால்தான். இந்தப் பேக்கேஜில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த யூனிட்டில் யூசர் என்ற வரியே கிடையாது. பிராக்கர் முழு அதிகாரமுள்ள ரூட் யூசராகத் தொடங்கி, கான்ஃபிக் ஃபைலை ரூட்டாகவே படித்துவிட்டு, பிறகு தானாகவே மொஸ்கிட்டோ யூசராக இறங்கிக்கொள்கிறது. 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து இந்த இறக்கம், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் சாவிகளைத் திறப்பதற்கு முன்னாலேயே நடக்கிறது. 1.6-ல் ஒழுங்காக ஓடியது அப்டேட்டுக்குப் பின் எழாமல் போவதற்கு இதுவே முக்கியக் காரணம். கான்ஃபிக் சரி, பாதை சரி, ஃபைலும் இருக்கிறது. ஆனால் அதைத் திறப்பது இப்போது ரூட் இல்லை.

இதன் இன்னொரு விளைவும் பலருக்குப் பிடிபடுவதில்லை. கூடுதல் கான்ஃபிக் ஃபைல்களை வைக்கும் கான்ஃப்.டி ஃபோல்டரில் ரூட்டுக்கு மட்டும் 600 கொடுத்து ஒரு ஃபைல் வைத்தால் ரீஸ்டார்ட் ஒழுங்காக நடக்கும், ரீலோட் மட்டும் தோற்கும். ரீலோட் நேரத்தில் படிப்பது மொஸ்கிட்டோ யூசர். கான்ஃபிக் ஃபைல்களுக்கு 644 போதும், அவற்றில் ரகசியம் எதையும் எழுதாதீர்கள்.

அடிக்கடி மாட்டிக்கொள்வது பாஸ்வேர்ட் ஃபைலில்தான். 2.0 பதிப்பு பெயர் தெரியாதவர்களை இயல்பாகவே உள்ளே விடாது, எந்த போர்ட்டில் கேட்பது என்று சொல்லும் லிஸனர் வரியைக் கான்ஃபிக்கில் எழுதாவிட்டால் அதே கம்ப்யூட்டரிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். ஆகவே பாஸ்வேர்ட் ஃபைல் இல்லாமல் வேலை நடக்காது. ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டு மொஸ்கிட்டோ பாஸ்வேர்ட் கட்டளையை சி ஆப்ஷனோடு ஓட்டுகிறோம், ஃபைல் உருவாகிறது, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறோம், தோற்கிறது. சிஸ்டம் பதிவான ஜர்னலில் பாஸ்வேர்ட் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று ஒரே ஒரு வரி. எல்எஸ் -எல் போட்டுப் பார்த்தால் ஓனர் ரூட், குரூப் ரூட், பெர்மிஷன் 600. மொஸ்கிட்டோ யூசருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

திருத்தம் இரண்டே கட்டளை: ‘சூடோ சிஹெச்ஓன் மொஸ்கிட்டோ:மொஸ்கிட்டோ /இடிசி/மொஸ்கிட்டோ/பாஸ்வேர்ட்’, பிறகு அதே ஃபைலுக்கு ‘சூடோ சிஹெச்மோட் 600’. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன், பிராக்கரின் இடத்தில் நின்று பாருங்கள்: ‘சூடோ -யு மொஸ்கிட்டோ கேட் /இடிசி/மொஸ்கிட்டோ/பாஸ்வேர்ட்’. வரிகள் திரையில் வந்தால் பிராக்கராலும் படிக்க முடியும். பெர்மிஷன் மறுக்கப்பட்டது என்று வந்தால் வேலை முடியவில்லை. பெர்மிஷன் சிக்கல்களில் இதைவிட நேரடியான சோதனை கிடையாது. சர்வீஸை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதைவிட இது வேகமானது, தெளிவானதும்கூட.

குரூப்பை மொஸ்கிட்டோவாக்கி 640 கொடுத்து, ஓனரை ரூட்டாகவே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பாதுகாப்புக் கணக்கில் அது இன்னும் நல்லதுதான். ஆனால் 2.0 வரிசையின் பிந்தைய பதிப்புகள், ஓனர் வேறாக இருந்தாலும், எல்லோரும் படிக்கும்படி இருந்தாலும், வருங்காலத்தில் இந்த ஃபைலை ஏற்க மாட்டோம் என்று எச்சரிக்கை எழுதுகின்றன. இன்றே மொஸ்கிட்டோ, 600 என்று வைத்துவிட்டால் அடுத்த டெபியனுக்குப் போகும்போது தலைவலி இருக்காது. யார் எதைப் படிக்கலாம், எதை அனுப்பலாம் என்று சொல்லும் ஏசிஎல் ஃபைலுக்கும் இதுவே.

மொஸ்கிட்டோ மீதான என் பெரிய குறையும் இங்கேதான். அந்தப் பிந்தைய பதிப்புகளில் பாஸ்வேர்ட் மாற்றும் கருவியை ரூட்டாக ஓட்டினால், ஃபைலின் ஓனர் ரூட் இல்லையே என்று அது எச்சரிக்கும். அதை நம்பி ஓனரை ரூட்டாக மாற்றினால் பிராக்கர் படுத்துவிடும். ஒரே பேக்கேஜின் இரண்டு கருவிகள் எதிரெதிராகப் பேசுவது நல்ல வடிவமைப்பு இல்லை. கருவியின் எச்சரிக்கையை விட்டுவிட்டு, எல்எஸ் -எல் காட்டுவதை மட்டும் நம்புங்கள்.

டிஎல்எஸ் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த கண்ணி சாவி ஃபைல். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை செர்ட்பாட் என்ற கருவி வாங்கி வைக்கும் லைவ், ஆர்கைவ் ஃபோல்டர்கள் ரூட்டுக்கு மட்டும் 700, சாவி 600. சாவிக்கு மட்டும் பெர்மிஷன் தளர்த்தினாலும் பயனில்லை, ஏனென்றால் வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் உள்ளே நுழைய எக்ஸ் பெர்மிஷன் வேண்டும். இதைக் காட்டுவதற்கென்றே ‘நேம்ஐ -எல்’ என்ற கட்டளை இருக்கிறது. முழுப் பாதையைக் கொடுத்தால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியின் ஓனரையும் பெர்மிஷனையும் வரிசையாகக் காட்டும். லைவ் ஃபோல்டரில் இருப்பது ஆர்கைவுக்குப் போகும் சிம்லிங்க், அதாவது குறுக்குவழி, என்பதும் அதில் தெரிந்துவிடும். கேட்டுக்குள் விடாமல் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்த கதை எங்கே நடக்கிறது என்று ஒரே பார்வையில் புரியும்.

செர்ட்பாட்டின் ஃபோல்டர்களைத் தொட வேண்டாம். ரினியூவல் ஹுக்ஸ் அடியில் இருக்கும் டிப்ளாய் ஃபோல்டரில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வையுங்கள். ‘இன்ஸ்டால் -ஓ ரூட் -ஜி மொஸ்கிட்டோ -எம் 640’ என்று சான்றிதழையும் சாவியையும் /இடிசி/மொஸ்கிட்டோ/செர்ட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, கடைசி வரியில் பிராக்கரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். இன்ஸ்டால் கட்டளை நகலையும் உரிமையையும் பெர்மிஷனையும் ஒரே மூச்சில் முடிப்பதால் சிபி, சிஹெச்ஓன், சிஹெச்மோட் என்று மூன்று வரி எழுதி ஒன்றை மறக்கும் ஆபத்து இல்லை. அந்த ஸ்கிரிப்டுக்கு எக்ஸ் பெர்மிஷன் கொடுக்க மறந்தால் செர்ட்பாட் அதை ஓட்டாது. சான்றிதழின் ஆயுள் 90 நாள் என்பதால் அந்த மறதி அன்றைக்குத் தெரியாது. எல்லோரும் அமைப்பையே மறந்துபோன ஒரு நாளில்தான் தெரியவரும்.

பிராக்கரைத் தாண்டி, சென்சாரைப் படித்து அனுப்பும் பைத்தான் ஸ்கிரிப்டையும் சர்வீஸாக ஓட்ட வேண்டியிருக்கும். அங்கே சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தரும் எண்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸில் 203 வந்தால் ஸ்கிரிப்டையே ஓட்ட முடியவில்லை: எக்ஸ் பெர்மிஷன் இல்லை, அல்லது முதல் வரியில் உள்ள பைத்தான் பாதை தப்பு, அல்லது விண்டோஸில் எழுதிய ஃபைல் என்பதால் அந்த வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று ஒட்டியிருக்கிறது. 200 என்றால் வொர்க்கிங் டைரக்டரிக்குள் நுழைய முடியவில்லை. ஸ்கிரிப்டை யாருடைய ஹோம் ஃபோல்டரிலாவது வைத்து வேறொரு யூசரில் ஓட்டினால் இதுதான் நடக்கும். உபுண்டுவில் 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750, வெளியாள் உள்ளே போக முடியாது. ஹோமைத் திறந்துவிடாதீர்கள், ஸ்கிரிப்டை /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் அடியில் 755-ஆக வையுங்கள். 217 என்றால் யூனிட்டில் எழுதிய யூசரே கம்ப்யூட்டரில் இல்லை.

யுஎஸ்பி வழியாக வரும் சென்சார் /டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் வரும். அதன் ஓனர் ரூட், குரூப் டயல்அவுட், பெர்மிஷன் 660. சிஹெச்மோட் 666 போட்டால் அந்த நேரத்துக்கு வேலை செய்யும். யாராவது ஒயரைக் கழற்றி மாட்டினால் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அந்த ஃபைலைப் புதிதாக உருவாக்கும், உங்கள் மாற்றம் போய்விடும். ட்ரஃப் அருகே தினமும் ஆட்கள் நடமாடும் இடத்தில் ஒயர் கழன்றுகொண்டேதான் இருக்கும். யூனிட்டில் சப்ளிமென்டரி குரூப்ஸ் என்ற வரியில் டயல்அவுட் எழுதுவதுதான் நிலையான வழி. ஐ2சி சென்சாராக இருந்தால் ஐ2சி குரூப். ஸ்கிரிப்ட் அளவுகளைச் சேமிக்க இடம் வேண்டுமென்றால் ஸ்டேட் டைரக்டரி என்ற வரியில் ஒரு பெயர் கொடுங்கள். /வார்/லிப் அடியில் அந்தப் பெயரில் ஃபோல்டர் சரியான ஓனரோடு தானே உருவாகும். யூனிட்டை மாற்றியபின் டீமன் ரீலோட் செய்ய மறக்காதீர்கள்.

திரும்பத் திரும்ப ஸ்டார்ட் தோற்றால் சிஸ்டம்டி இயல்பாக 10 நொடிக்குள் 5 முயற்சிக்கு மேல் விடாது. கடைசி வரியில் கோரிக்கை மிக வேகமாகத் திரும்ப வந்தது என்று மட்டும் இருக்கும். அது விளைவு, காரணம் அதற்கு மேலே இருக்கும். ‘ஜர்னல்சிடிஎல் -யு மொஸ்கிட்டோ -என் 50’ என்று 50 வரி எடுத்து, முதல் தோல்வியைத் தேடுங்கள். திருத்தியபின் ‘சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்ட்’ கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டூப்ளிகேட் என்று வரி வந்தால் அது பெர்மிஷனே இல்லை. டெபியனின் மூலக் கான்ஃபிக்கில் ஏற்கெனவே இருக்கும் பெர்சிஸ்டன்ஸ் லொக்கேஷனை கான்ஃப்.டி-யிலும் எழுதியிருப்பீர்கள்.

சிஹெச்மோட் 777 பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்ட் ஃபைலை மாற்றலாம் என்பது ஒரு பக்கம். அதை ஆர் ஆப்ஷனோடு /இடிசி முழுவதற்கும் போட்டுவிட்டால் யார் சூடோ போடலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் ஃபைலும் எல்லோரும் எழுதக்கூடியதாகிவிடும், உடனே சூடோ வேலை செய்ய மறுக்கும். பிறகு திருத்த சூடோவே இருக்காது. எஸ்டி கார்டைக் கழற்றி வேறு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, அந்த ஃபைலை 440-க்குத் திருப்ப வேண்டிவரும். சர்வீஸை ரூட்டாகவே ஓட்டிவிடலாம் என்று கான்ஃபிக்கில் யூசர் ரூட் எழுதுவதும் இதே ரகம்தான். ஃபேக்டரி வைஃபையில் எத்தனை ஃபோன்கள் தொங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபெடோரா, ரெட் ஹாட் வழி லினக்ஸில் ஓட்டினால் எல்எஸ் காட்டும் பெர்மிஷன் சரியாக இருந்தும் மறுப்பு வரலாம். ஹோமிலிருந்து எம்வி கொடுத்து நகர்த்திய ஃபைல் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கின் பழைய லேபிளோடு வரும். எல்எஸ் -இசட் போட்டுப் பார்த்து ‘ரீஸ்டோர்கான்’ ஓட்டினால் சரியாகும்.

மலையில் மழைக்காலத்துக்கு மட்டும் உரிய ஒன்று உண்டு. எழுத முடியவில்லை என்ற பிழை எல்லாமே பெர்மிஷன் பிழை ஆகாது. கரண்ட் திடீர் திடீரென்று போய் வந்தால் எஸ்டி கார்டின் ஃபைல்சிஸ்டம் பழுதாகி, கெர்னல் அதை ரீட்-ஒன்லியாக மாற்றிவிடும். அப்போது சிஹெச்ஓன் கட்டளையே தோற்கும். பிழையில் ரீட்-ஒன்லி என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கெர்னல் பதிவைக் காட்டும் ‘டிமெசேஜ்’ வெளியீட்டில் கார்டு பற்றிய புகார்களைத் தேடுங்கள். யூனிட்டில் ப்ரொடெக்ட் சிஸ்டம் ஸ்ட்ரிக்ட் என்று எழுதியிருந்தாலும் இதே சொல் வரும். அப்போது ரீட்-ரைட் பாத்ஸ் வரியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்தால் போதும்.

மொஸ்கிட்டோ தன் நினைவை இயல்பாக 1800 நொடிக்கு ஒருமுறைதான் வட்டில் எழுதும். கரண்ட் போனால் கடைசி அரைமணி நேரம் போகும் என்று அர்த்தம். யுபிஎஸ் இல்லாத ஃபேக்டரியில் ஆட்டோசேவ் இன்டர்வலை 300-க்குக் குறைக்கலாம். அந்த டேட்டாபேஸ் ஃபைலை பேக்கப்பிலிருந்து சூடோ சிபி கொடுத்துத் திருப்பி வைக்கிறவர்கள், சர்வீஸை முதலில் நிறுத்திவிட்டு, வைத்தபின் ஓனரை மொஸ்கிட்டோவுக்கு மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரூட்டின் பெயரில் 600-ஆக இருந்தால் பிராக்கரால் அதைப் படிக்க முடியாது, சேமித்து வைத்திருந்த கடைசி அளவுகள் திரும்பி வராது.