வைஃபை பூஸ்டர் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். படுக்கையறையில் வைஃபை சரியாக எட்டவில்லை என்று, இணையச் சந்தை ஒன்றில் 'சிக்னல் பூஸ்டர்' விற்கும் ஆளிடம் மூன்று மாத இணையக் கட்டணத்துக்குச் சமமான தொகையைப் பறிகொடுத்திருக்கிறேன்.

நம்ப வைத்தது அவர் பேசிய விதம்தான். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ரௌட்டர் இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் சார், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். இவ்வளவு அக்கறையாக யார் கேட்கிறார்கள்? அனுப்பினேன். இணைப்புக் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போனபடி, இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாக ரௌட்டர் கிடப்பது அந்தப் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. வைஃபை அலை இரும்பைத் துளைத்துப் போகாது. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாதா? "உங்கள் சுவர் கனம் சார், பூஸ்டர் இல்லாமல் முடியாது" என்று பதில் வந்தது.

பெட்டியின் மேல் வேகம் 1200 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்று கொட்டை எழுத்து. உள்ளே இருந்ததோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் ஓடும் 300 எம்பிபிஎஸ் கருவி. ரௌட்டரின் சிக்னலை ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் சிக்னல் நைந்துபோன படுக்கையறையிலேயே செருகச் சொன்னார். கைபேசியில் கோடுகள் நிறைந்து நின்றன. வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

கேட்டால், "48 மணி நேரம் ஓடவிடுங்கள், தானாகப் பழகிவிடும்." பழகுவதற்கு அது என்ன நாய்க்குட்டியா? பிறகு, இணைய நிறுவனத்தின் மேல் பழி. அதன்பின், உறை பிரித்த பொருளுக்குப் பணம் கிடையாதாம். சந்தைக்காரர்களிடம் முறையிட்டால் "விற்பனையாளரிடம் பேசுங்கள்" என்கிறார்கள். விற்பனையாளர் இப்போது பதிலே போடுவதில்லை. மூன்று மாதக் கட்டணம்!

கடைசியில் நீளமான கேபிள் ஒன்றை வாங்கி, ரௌட்டரைக் கூடத்தின் நடுவில் ஆளுயர அலமாரி மேல் வைத்தேன். படுக்கையறையில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது. பூஸ்டர் பெட்டிக்குள் கிடக்கிறது.

அவசரமாகச் சில வார்த்தை. பணம் கொடுக்கும் முன் ரௌட்டரை இடம் மாற்றிப் பாருங்கள். பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி, மைக்ரோவேவ் அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். ரௌட்டரில் இரண்டு அலைவரிசை இருந்தால், தூரத்து அறைக்கு 2.4, பக்கத்தில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ். பூஸ்டர் வாங்கியே ஆகவேண்டும் என்றால் சிக்னல் நன்றாக வரும் பாதி வழியில் செருகுங்கள். உறை பிரித்தபின் திருப்பி எடுப்பார்களா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.