ரெக்ட்டா, ஹால்டரா, ரஸ்ட்டின் வெண்டிங் மெஷினா: எந்தக் கடைக்காரர் தேவலை?

பிழைத்துக் கிடக்கும் கம்ப்யூட்டர் ஆட்டத்தில் (சர்வைவல் கேம்) கடைக்காரர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மரம் வெட்டி, கல் உடைத்து, பட்டினி கிடந்து எல்லாவற்றையும் சொந்தக் கையால் செய்வதுதானே ஆட்டம், காசைக் கொடுத்து வாங்குவதற்கு எதற்கு இத்தனை பாடு என்பார்கள். தனியாக ஆடுபவர்களுக்கு அது சரிதான். நாலு பேராகச் சேர்ந்து ஆடும்போது கதையே வேறு. கடைக்காரர் வந்த பிறகுதான் கூட்டத்துக்குள் கணக்கு வழக்கு ஆரம்பிக்கிறது: யார் காசு, யாருக்கு முதலில், யார் போய் வாங்கி வருவது. இந்தச் சச்சரவை மூட்டிவிடும் கடைக்காரரே எனக்கு நல்ல கடைக்காரர். கடைக்குப் போய்வருவதே ஒரு ஆட்டமாக இருக்க வேண்டும். கடை மொத்த ஆட்டத்தையும் தின்றுவிடவும் கூடாது. இதை வைத்துத்தான் கீழே உள்ள அலசல்.

எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீர்ப்பு அதைப் பொறுத்தது. நான் கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை. ஹோஸ்ட் செய்பவர் வேலந்தாவளம், எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். பொள்ளாச்சியில் என் சித்தப்பா மகன். நாலாமவன் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன். வீட்டில் மலையாளம், எங்களோடு தமிழ், ஏதாவது துரத்தினால் இரண்டும் கலந்து வரும். ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் நாலு பேரும் சேர முடியும். அதிலும் அண்ணன் வீட்டில் கரண்ட் போனால் உலகமே அணைந்துவிடும், ஏனென்றால் உலகம் அவர் கம்ப்யூட்டரில்தான் ஓடுகிறது. ஆக எங்களுக்கு இருப்பது ஒரு இரவுக்கு இரண்டு மணி நேரம், நல்லபடியாகப் போனால்.

முதலில் செவன் டேஸ் டு டை. 2013-இல் ஏர்லி ஆக்சஸாக, அதாவது முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு வந்து, 2024 ஜூலையில்தான் 1.0 ஆன ஆட்டம். ரெக்ட், ஜென், பாப், ஹியூ, ஜோயல் என்று ஐந்து ட்ரேடர்கள். காசுக்குப் பெயர் டியூக். ஆரம்பக் காட்டுப் பகுதியில் பெரும்பாலும் மாட்டுகிறவர் ரெக்ட். வாங்க வந்தவனை ஏன் வந்தாய் என்று திட்டுகிற கடைக்காரர். முதல் நாள் கோபம் வரும், ஒரு வாரத்தில் அந்தத் திட்டைக் கேட்காவிட்டால் என்னவோ போல இருக்கும். குணம் என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் ரெக்ட்டை அடிக்க ஆள் இல்லை.

அவர் கடையின் பெரிய விசேஷம் நேரம். விடிந்து ஆறு மணிக்குத் திறப்பு, இரவு பத்துக்குக் கொஞ்சம் முன்பே அடைப்பு. அடைக்கும்போது உள்ளே நின்றால் ஆளைத் தூக்கி வெளியே போட்டுவிடும். அந்த நேரத்தில் வெளியே நிற்பது என்றால் என்ன என்று ஆடியவர்களுக்குத் தெரியும்: பகலில் இழுத்து இழுத்து நடக்கிற பிணங்கள் பத்து மணிக்கு மேல் ஓட ஆரம்பிக்கும். சித்தூர்க்காரன் மூட்டையைப் பரப்பி வைத்துக்கொண்டு விலை பார்ப்பான். பொள்ளாச்சித் தம்பி கத்துவான்: "டேய், மணி ஒம்போதே முக்கால் ஆச்சு, கெளம்புடா." "எடா, ஒரு நிமிஷம், இந்தப் பைப்பை மட்டும் வித்துட்டு வரேன்." அடுத்த நொடி இரண்டு பேரும் மதிலுக்கு வெளியே, கையில் பைப்போடு.

சாதாரண செட்டிங்கில் ஆட்டத்தின் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 60 நிமிடம். அதில் கடை பூட்டிக்கிடப்பது ஏறத்தாழ 20 நிமிடம். இரண்டு மணி நேரம் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இது பெரிய துண்டு. வேலை முடித்து மூச்சிரைக்க வந்தால் கதவு சாத்தியிருக்கும். பதற்றத்துக்கு இது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஏழாவது இரவு பிணங்கள் கூட்டமாகத் தாக்க வருகிற ரத்த நிலவுக்கு முன்பு தோட்டா வாங்க ஓடும் ஓட்டம் இந்த நேரக் கட்டுப்பாட்டால்தான் சூடு பிடிக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் சரக்கு மாறும் என்பதால், இன்று பார்த்துவிட்டு வந்த துப்பாக்கிக்கு நாளைக்குள் காசு தேற்ற வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

சிக்கல் அவர் கொடுக்கும் வேலைகளில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய், இந்தப் பையை எடுத்து வா, புதைத்ததைத் தோண்டு. வேலையை எடுத்துக்கொண்டு போய்த் தொடங்கியதும் அந்தக் கட்டடம் பழையபடி புதிதாகி, உள்ளே அள்ளிக்கொள்ளக் கிடக்கும் சாமான், அதாவது லூட் எல்லாம் திரும்ப வந்துவிடும். லூட்டும் கிடைக்கும், டியூக்கும் கிடைக்கும், முடித்துக் கொடுத்தால் பரிசாக ஒரு ஆயுதமோ கருவியோ அள்ளிக்கொள்ளலாம். இத்தனை கிடைத்தால் எவன் தானாகச் சுத்தியல் செய்வான்? முதல் ஏழு நாள் தாண்டியதும் நாங்கள் பிழைப்பதை விட்டுவிட்டு ரெக்ட்டிடம் கூலிக்கு மாரடிக்கிறோம். தோட்டம் போட ஆளில்லை, சுரங்கம் தோண்ட ஆளில்லை, எல்லோரும் சைக்கிளில் ஏறி அடுத்த வேலைக்கு. பரிசும் ஆளுக்கு ஆள் தனித்தனி என்பதால் பங்கு பிரிக்கும் பேச்சே எழாது. கூட்டுக் கணக்கு என்று ஒன்று மிச்சமிருப்பது பேரத்துக்கான திறமையில் மட்டும்தான்: ஒருவர் அதில் புள்ளிகளைப் போட்டுக்கொண்டால் அவருக்கு வாங்கும் விலை குறையும், விற்கும் விலை கூடும். எங்களில் அது பொள்ளாச்சித் தம்பி. எல்லோர் மூட்டையும் அவன் முதுகில் ஏறும். கணக்கு கேட்டால் முறைப்பான்.

இனி வால்ஹெய்ம். ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு சின்னக் குழு செய்தது, 2021 பிப்ரவரியில் ஏர்லி ஆக்சஸ், ஒரே உலகத்தில் பத்து பேர் வரை ஆடலாம். கடைக்காரர் பெயர் ஹால்டர். இவர் கதவு சாத்துவதில்லை, வேலை கொடுப்பதில்லை, பேரமும் கிடையாது. கருங்காட்டில் ஏதோ ஒரு மூலையில் குந்தியிருப்பார், பக்கத்தில் ஹால்ஸ்டைன் என்ற அவருடைய பெரிய சடைமாடு. சுற்றி ஒரு மாயக் குமிழ். அதற்குள் எந்த மிருகமும் வராது. எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நடந்தும் படகு விட்டும் தேட வேண்டும், பக்கத்தில் போனால்தான் வரைபடத்தில் காசுப்பை அடையாளம் தோன்றும். சிலருக்கு முதல் தீவிலேயே கிடைப்பார், சிலருக்கு இரண்டு கடல் தாண்ட வேண்டும்.

கடைச் சரக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு தொப்பி 100 காசு, தூண்டில் 350, நெற்றியில் விளக்கு எரியும் வளையம் 620, மெகிங்யோர்ட் என்ற இடுப்புப் பட்டை 950. பெரிய பூதங்களைக் கொன்ற பிறகு இன்னும் சில சாமான் சேரும்; கடைசியில் கோழி முட்டை ஒன்று 1500-க்கு விற்பார், அந்த முட்டைக்கு நாங்கள் பட்ட பாடு கோழிப்பண்ணை வைத்தவர்களுக்குத்தான் புரியும். வாள் இல்லை, கவசம் இல்லை. அதாவது உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள், நான் ஒத்தாசைக்கு மட்டும் என்று சொல்கிற கடை.

ஆனால் அந்த 950 காசுப் பட்டை இருக்கிறதே, அதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஒரு ஆள் சுமக்கக்கூடிய எடை 300. பட்டை கட்டினால் 450. காசுக்கும் எடை உண்டு, ஒன்று 0.1. ஆக பட்டையின் விலையைச் சுமந்து போவதற்கே 95 எடை போய்விடும். அந்தக் காசு எங்கிருந்து வரும்? கருங்காட்டுப் புதைகுழிகளுக்குள் எலும்புக்கூடுகளோடு மல்லுக்கட்டி, பெட்டி பெட்டியாகத் திறந்து பொறுக்க வேண்டும். ட்ரோல் என்ற காட்டு ராட்சதனைக் கொன்றாலும் கொஞ்சம் கிடைக்கும். வழியில் கிடைக்கும் அம்பர் 5, அம்பர் முத்து 10, மாணிக்கம் 20 என்று ஹால்டரே வாங்கிக்கொள்வார். நாலு பேர் பொறுக்கியதைக் கொட்டி எண்ணினால் பெரும்பாலும் ஒரு பட்டைக்குத்தான் தேறும்.

ஆகவே கேள்வி: முதல் பட்டை யாருக்கு?

உலோகத்தைப் போர்ட்டல் (நொடியில் வேறு இடத்துக்குத் தாவும் வாசல்) வழியாகக் கொண்டுபோக முடியாது என்பதுதான் வால்ஹெய்மின் வழக்கமான விதி. செம்பு, இரும்பு எதுவானாலும் வண்டியிலோ படகிலோ தோளிலோதான் வர வேண்டும். அதனால் தாது சுமப்பவனுக்கே பட்டை என்பது நியாயம். எங்களில் தாது சுமப்பவன் சித்தூர்க்காரன். ஆனால் அதிகம் காசு பொறுக்கியது தம்பி. உலகம் என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்று அண்ணன் சொல்லவில்லை, ஆனால் இரண்டு முறை இருமினார். "ஏனுங்ணா, உங்களுக்குத்தான் வேணும்னா சொல்லுங்க" என்றால், "எனக்கெதுக்குப்பா, பையனுக்கே குடு" என்பார், குரலில் கொடுக்க மனமிருக்காது. ரெக்ட் கடையில் இப்படி ஒரு பஞ்சாயத்து எங்களுக்குள் நடந்ததே இல்லை. இத்தனைக்கும் ஹால்டர் வாயைத் திறந்து பெரிதாக எதுவும் பேசுவதில்லை.

2023-இல் புல்வெளிப் பகுதிக்கு ஹில்டிர் என்ற துணிக்கடைக்காரியும், அடுத்த ஆண்டு சதுப்பு நிலத்துக்குச் சூனியக்காரி ஒருத்தியும் வந்தார்கள். ஹில்டிர் தொலைந்த பெட்டிகளை மீட்டு வரச் சொல்வாள். மூன்று பெட்டி, அதோடு சரி. உடுப்பு நன்றாக இருக்கும். சூனியக்காரி சமையல் பண்டம் சேகரிப்பவர்களுக்குப் பிடிக்கும். பட்டைக்கு இணையான சண்டை இவர்கள் கடையில் மூளவில்லை.

மைன்கிராஃப்ட்டை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். கிராமவாசிகளோடு மரகதத்துக்குப் பண்டமாற்று 2012-இல் வந்தது. 20 கோதுமை கொடுத்தால் ஒரு மரகதம், அம்பு செய்பவரிடம் 32 குச்சிக்கு ஒன்று. காகிதத்தில் பார்க்க அழகான சந்தை. நடைமுறையில் என்ன ஆகிறது? எல்லோரும் கிராமவாசிகளைப் பிடித்து வந்து ஆளுக்கொரு பொந்தில் அடைத்து, முன்னால் மேசையைப் போட்டுவிடுகிறார்கள். நூலகரிடம் தங்களுக்கு வேண்டிய புத்தகம் வரும்வரை மேசையை உடைத்து உடைத்து வைக்கிறார்கள். கடைக்காரரைக் கொத்தடிமையாக்கும் ஆட்டத்தில் கடைக்காரரைப் பற்றி என்ன எழுதுவது. இரண்டு லாமாவை இழுத்துக்கொண்டு வரும் நாடோடி வியாபாரி, 2019-இல் சேர்ந்தவர், கொஞ்சம் பரிதாபம். அவர் விற்பதை யாரும் வாங்குவதில்லை. லாமாவைக் கட்டியிருக்கும் கயிற்றுக்காகவே அவரை அடித்துப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முகம் தெரியாத ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கொன்று கொள்ளையடிக்கும் ரஸ்ட் தனி ஜாதி. இங்கே அவுட்போஸ்ட், பாண்டிட் கேம்ப் என்று பாதுகாப்பு வளையங்கள் உண்டு. உள்ளே ஸ்க்ராப் (பழைய இரும்பு, இங்கே அதுதான் காசு) கொடுத்து சாமான் வாங்கலாம். ஆயுதத்தைக் கையில் எடுத்து நின்றால் காவல் துப்பாக்கிகள் சல்லடையாக்கிவிடும். அந்தக் கடைக்காரர்கள் முகமில்லாதவர்கள், நினைவில் நிற்பதில்லை. ரஸ்ட்டின் உண்மையான கடைக்காரர் இன்னொரு ஆட்டக்காரர். வெண்டிங் மெஷினைச் செய்து, முதுகுப்பக்கம் தன் பேஸுக்குள், அதாவது தான் கட்டிய வீட்டுக்குள் இருக்கும்படி சுவரில் பதித்து, பின்னாலிருந்து சரக்கை நிரப்பி, முன்னால் விலையைப் போட்டு வரைபடத்தில் அறிவித்துவிட்டால் கடை தயார். வாங்க வருகிறவர் நிர்வாணமாக ஓடி வருவார், ஏனென்றால் வாசலில் யாராவது பதுங்கி இருக்கலாம், சில நேரம் அந்த யாராவது கடைக்காரரே. ட்ரோன் வந்த பிறகு 20 ஸ்க்ராப் கூலிக்கு அவுட்போஸ்ட்டிலிருந்தே வரவழைக்கலாம். ட்ரோனைச் சுட்டு வீழ்த்தி சரக்கை அடிக்கவும் ஆள் இருக்கிறது.

எல்லையோரத்து ஆட்களுக்கு இந்தச் சந்தை சொல்லிக்கொடுக்காமலே வரும் என்று நினைக்கிறேன். 2023 ஏப்ரலில் கேரளா பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டபோது, தமிழ்நாட்டு விலையோடு ஏற்கெனவே இருந்த வித்தியாசம் இன்னும் கூடியது. எங்கள் பக்கத்து வண்டிகள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் டேங்கை நிரப்பின, இப்போதும் அப்படித்தான். ரஸ்ட்டில் சித்தூர்க்காரன் செய்தது அதேதான். வரைபடத்தின் வடக்கு மூலையில் ஒரு மெஷினில் மலிவாகக் கிடைக்கும் சல்ஃபரை வாங்கி, தெற்கே எங்கள் மெஷினில் ஏற்றி விற்றான். சண்டையே போடாமல் ஒரு வாரம் ஓட்டினோம். ஆனால் மாதத்தின் முதல் வியாழன் கட்டாய வைப். கடை, கணக்கு, வாடிக்கை எல்லாம் ஒரே நாளில் துடைத்துப் போகும். ராத்திரி இரண்டு மணி நேரம் மட்டும் வருகிறவர்களுக்கு அந்த மாதமும் முழுதாகக் கிடைக்காது: நாங்கள் தூங்கும்போது வேறெவனோ விழித்திருந்து சுவரைத் தகர்ப்பான். விடியலில் பார்த்தால் மெஷினும் இல்லை, சுவரும் இல்லை.

அப்படியானால் எது? பகல் முழுக்க யாராவது ஒருவர் உட்கார முடிகிற கல்லூரிக் கூட்டம் என்றால் ரஸ்ட். மனிதனோடு செய்யும் வியாபாரத்துக்கு ஆட்டமே ஓட்டும் எந்த என்பிசி கடைக்காரரும் ஈடாகாது. இரண்டே பேர், அடிக்கடி ஏதாவது கையில் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் ரெக்ட்டிடம் போங்கள். திட்டுவார், ஆனால் வெறுங்கையாக அனுப்ப மாட்டார். மூன்று பேருக்கு மேல், வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரியில் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹால்டர். அவர் காத்திருப்பார், சரக்கு தீராது, விலை ஏறாது, வைப் கிடையாது.

ரெக்ட்டை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி: சர்வர் செட்டிங்கில் ஒரு நாளின் நீளத்தை 60-லிருந்து 120 நிமிடமாக்கிவிடுங்கள். கடை திறந்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும், ஒரு உட்காரலில் முழுப் பகலும் கிடைக்கும். ரத்த நிலவு இரவும் அதே அளவு நீளும் என்பதால் தோட்டாவைக் கொஞ்சம் தாராளமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலைகளை நாலு பேரும் ஒன்றாக எடுக்காமல் இரண்டு பேர் வேலைக்கு, இரண்டு பேர் பேஸுக்கு என்று பிரித்துக்கொண்டால் கூலிக்கார வாழ்க்கையும் பாதியாகக் குறையும். நாங்கள் இப்போது அப்படித்தான் ஆடுகிறோம். தம்பி மட்டும் பேஸ் கட்டும் பக்கம் வரமாட்டேன் என்கிறான், எல்லோர் மூட்டையும் தன்னிடம் இருப்பதால்.