ஜூலைக் குளிரில் கூடாரம்: உம்குசேயா, கேப் விடலா?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் குளிர்கால விடுமுறை வந்தால் எல்லார் வாயிலும் முதலில் வருவது ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசிதான். 1895-லேயே வனவிலங்குக் காப்பகமான இடம், காண்டாமிருகத்துக்குப் பேர்போனது. ஆனால் சொந்தக் கூடாரம் அடிக்க அங்கே இடமில்லை. ஆகப் போட்டி உம்குசேக்கும் கேப் விடலுக்கும்தான். இரண்டுமே 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருப்பவை.

மிருகம் பார்க்கவென்றே போகிறீர்களா? யோசிக்கவே வேண்டாம், உம்குசே. மழை நின்று குட்டைகள் வற்றும் காலம் இது; தண்ணீர் மிஞ்சியிருக்கும் இடத்தைத் தேடி எல்லாம் வந்தாக வேண்டும். தண்ணீர்க் குட்டையோரம் ஒளிந்திருந்து மிருகம் பார்க்கும் குமசிங்கா மறைவிடத்தில் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டால் போதும். முதலில் காட்டுப்பன்றி, அப்புறம் வரிக்குதிரை. நியாலா என்ற மானின் கடா மட்டும் அவசரப்படாது. மஞ்சள் பூசிய மாதிரி கணுக்கால், முதுகில் வெள்ளை மயிர்க்கோடு. ஒரு எட்டு வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும். அந்த நேரம் பார்த்து யாராவது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் மொத்தக் கூட்டமும் ஓடிவிடும். 2013-இல் சிங்கங்களையும் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணில் படுவது அவரவர் அதிர்ஷ்டம்.

விடியற்காலைக் குளிரில்தான் உம்குசே சோதிக்கும். பகலில் சட்டையோடு திரியலாம், இரவில் நல்ல கம்பளி இல்லாமல் தூக்கம் வராது. கேப் விடலில் அந்தத் தொல்லை குறைவு. பக்கத்தில் ஓடும் அகுல்லாஸ் வெந்நீரோட்டம் கரையை அவ்வளவாகக் குளிரவிடாது. சின்னப் பிள்ளைகளும் ஆயாவும் கூட வந்தால் அங்கேயே போங்கள். மணல்மேட்டுக் காட்டின் நிழலில் கூடாரம், நடந்துபோகும் தூரத்தில் கடல், வடக்கே போகும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள். மிருகங்களும் உண்டு, ஆனால் அவற்றுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகச் சொல்ல மாட்டேன். குரங்குகள்தான் தலைவலி: ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினால் காணோம். மணலில் சாதாரண முளை நிற்காது, நீளமானதாக எடுத்துப் போங்கள்.

பிராய், அதாவது தணலில் கறி சுடும் விருந்து, போடுகிறவர்கள் ஜூன் கடைசியிலேயே போய்வருவது நல்லது. ஆடி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் பாதிப் பேருக்குக் கறி கிடையாது; சோளமும் உருளைக்கிழங்கும்தான் சுட வேண்டும். எங்கே போனாலும் வாயிற்கதவை மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். உம்குசேக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.